திட்டு வாங்க ஒரு டிக்கெட்

எங்கள் தெருவில் ஒரு பிள்ளை மிட்டாய்த் தாளைக் கீழே போட்டால் போதும், எங்கிருந்தோ ஒரு விசில் கிளம்பும். பிள்ளை அப்படியே நிற்கும். அதன் அம்மா மட்டும் சட்டென்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அடுத்த கேள்வி பிள்ளையிடம் வராது, தன்னிடம்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

“இது எங்க எறங்கும்?”

கேட்கிறவள் கண்டக்டரம்மா. சத்தியவேடு ரூட்டில் காலமெல்லாம் டிக்கெட் கொடுத்து ரிட்டையர் ஆனவள். தெருவுக்குக் கண்டக்டரம்மா, எனக்கு அக்கா. வேலையை விட்ட பிறகும் அந்தப் புத்தி அவளை விடவில்லை. எதைப் பார்த்தாலும் அது எங்கே ஏறியது, எங்கே இறங்கும் என்று தெரிந்தாக வேண்டும். யாராவது வாசலில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினால் அந்தத் தண்ணீரோடு கூடவே நடப்பாள். வேலை வெட்டி இல்லாத பொம்பளை என்று தெரு சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன். பொழுதெல்லாம் மிஷினில் குனிந்து ஜாக்கெட் தைக்கிறவளுக்கு, தண்ணீர் பின்னால் நடக்கிறவளைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்?

எங்கள் தெரு திருப்பதிக்கும் சந்திரகிரிக்கும் நடுவில், சொர்ணமுகி ஆற்றைப் பார்த்துச் சரிந்து இறங்கும் தெரு. மேலே மெயின் ரோடு, கீழே ஆறு. பாதி வீடுகள் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எங்கள் தமிழ் ஜனம், மீதி தெலுங்கு ஜனம். சண்டை என்று வந்துவிட்டால் எல்லோரும் இரண்டு பாஷையிலும் போடுவோம். தெருவோரம் ஒரு கால்வாய் ஓடுகிறது. மழைத்தண்ணீர் ஆற்றுக்குப் போவதற்காகக் கட்டியது. மழை இங்கே என்றைக்கோ ஒரு நாள் வரும் விருந்தாளி. மற்ற நாளெல்லாம் கால்வாய் சும்மாத்தானே கிடக்கிறது என்று நாங்களே அதற்கு வேலை கொடுத்தோம். மெக்கானிக் ஷெட்டின் கழிவு ஆயில், பிரியாணிக் கடையின் எச்சில் தண்ணீர், வீட்டுக்கு வீடு சோப்புத் தண்ணீர், பிள்ளைகளின் டயபர், என் கடையின் வெட்டுத் துணி, எல்லாம் அதில்தான். வெயில் காலத்தில் அது கிடந்து நாறும். நாறினால் முனிசிபாலிட்டியைத் திட்டுவோம். முதல் மழை வந்தால் அத்தனையும் ஒரே மூச்சில் ஆற்றுக்குப் போய்விடும். மழை பேய்ஞ்சாதாம்பா நம்ம தெரு சுத்தமாவுது என்று வாசலில் நின்று சந்தோஷப்பட்டுக்கொள்வோம்.

அந்தச் சந்தோஷம் போய் இறங்குகிற இடத்தில் ஒரு காலனி இருந்தது. எல்லைப்பக்கத்துக் கிராமங்களிலிருந்து, காணி நிலம்கூட இல்லாமல் கூலிக்கு வந்து ஆற்றோரத்தில் தங்கிவிட்ட ஜனங்கள். அக்காவின் தங்கச்சியும் அங்கேதான் இருந்தாள். ஆற்று மணலில் உறை இறக்கிய ஒரு கிணறுதான் அவர்களுக்குக் குடிதண்ணீர். ஆறு என்றதும் கரைபுரண்டு ஓடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். சொர்ணமுகி முக்கால்வாசி நாள் மணலுக்குக் கீழேதான் இருக்கும். முதல் மழையில் அதன் மேலே ஓடுவது எங்கள் தெரு.

அப்புறம் கிணற்றில் டீசல் வாசம் வரும். குடத்தில் எண்ணெய் மிதக்கும். காலனிப் பொம்பளைகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேடேறி எங்கள் தெருக் குழாய்க்கு வருவார்கள். உடனே எங்கள் தெருவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

“இவங்களுக்குன்னு கெணறு கீதில்ல? அத சுத்தமா வச்சிக்கத் தெரியாதா?” என்பார் பிரியாணிக் கடைக்காரர். சொல்லிக்கொண்டே அண்டா கழுவிய தண்ணீரைக் கால்வாயில் சாய்ப்பார்.

அக்கா பஸ்ஸில் இருந்த காலத்துக் கதை ஒன்றை அடிக்கடி சொல்லுவாள். புத்தூர் தாண்டியதும் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மாம்பழம் தின்று கொட்டையை ஜன்னல் வழியாக எறிந்தாராம். அது வெளியே சைக்கிளில் போனவன் நெற்றியில் விழுந்ததாம். அக்கா விசில் கொடுத்து பஸ்ஸை நிறுத்திவிட்டாள். “கொட்ட எறங்கிட்ச்சி, நீயும் எறங்கு. போயி பொறுக்கிக்கினு வா” என்றாளாம். அவர் பெரிய இடம், யார் யாரையோ தெரியும் என்றாராம். “தெரிஞ்சவங்களையும் கூட்டிக்கினு போ, இருட்டறதுக்குள்ள பொறுக்கிடலாம்” என்றாளாம். அவர் பொறுக்கிக்கொண்டு வரும்வரை பஸ் நின்றது. இந்தக் கதையில் எவ்வளவு நிஜம் என்று எனக்குத் தெரியாது. அவளைப் பார்த்தவர்கள் யாரும் சந்தேகப்பட்டதில்லை.

நல்லவள்தான், ஆனால் கொஞ்சம்கூட இங்கிதம் கிடையாது. டீ குடிக்கக் கூப்பிட்டால் டம்ளரோடு கொல்லைக்குப் போய் சிங்க் குழாய் எங்கே போகிறது என்று குனிந்து பார்ப்பாள். கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவும் இடத்திலேயே நின்றுவிடுவாள். ஒருமுறை சாவு வீட்டில், பொணத்தைக் குளிப்பாட்டி முடித்திருக்கிறார்கள், எல்லோரும் அழுகிறார்கள், இவள் மெதுவாக என் காதில் கேட்கிறாள்: “ஏண்டி, அந்தத் தண்ணி எங்கடி போச்சி?” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளைக் கிள்ளி வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். “இன்னாத்துக்குக் கிள்ற? செத்தவரு போயி சேந்துட்டாரு. தண்ணி என் தங்கச்சி கொடத்துல போயி சேரக் கூடாதில்ல?” என்றாள்.

ஒரு வருஷம் முதல் மழையன்று கோணிப்பையோடு கால்வாய் ஆற்றில் விழும் இடத்தில் போய் நின்றாள். நனைந்துகொண்டே அகப்பட்டதையெல்லாம் பையில் அள்ளினாள். மழை விட்டதும் வீடு வீடாக வந்து கதவைத் தட்டினாள்.

“உங்க ஸ்டாப்பு வந்துட்ச்சி, எறக்கிக்கோங்க.”

பிரியாணிக் கடைக்குப் பிரியாணி டப்பா. மெக்கானிக்குக் காலி ஆயில் டின். யாருடையது என்று நிச்சயமில்லாத டயபரை, கைக்குழந்தை இருக்கும் எல்லா வீட்டுக்கும் காட்டி விசாரித்தாள். இதில் நன்றாக மாட்டிக்கொண்டவர் சங்கத்து சார். காலேஜில் பாடம் சொல்லி ரிட்டையர் ஆகி, எங்கள் தெரு நலச் சங்கத்துக்குத் தலைவராக இருப்பவர். அவருடைய கொரியர் கவரில் பெயர், கதவு எண், போன் நம்பர் எல்லாம் அழியாமல் அப்படியே இருந்தது.

“சார், உங்க பார்சலு ரிட்டன் வந்துட்ச்சி.”

“அது காத்துல பறந்து போயிருக்கும்மா.”

“காத்து உங்க வூட்டு கேட்டத் தொறந்து, குப்பக் கவர அவுத்து, இத மட்டும் எடுத்துக்கினு போச்சா சார்?”

தெருவே சிரித்தது. அதற்கப்புறம் ஒரு பெரிய மாற்றம் வந்தது. எல்லா வீட்டிலும் கவரிலிருந்து அட்ரஸைக் கிழித்துவிட்டுக் கால்வாயில் போட ஆரம்பித்தார்கள். இப்படித்தான் எங்கள் தெருவில் விழிப்புணர்வு பரவியது.

அவமானம் தாங்காமல் சங்கத்து சார் நதியைக் காக்க ஒரு ஊர்வலம் ஏற்பாடு செய்தார். கால்வாய் மேலேயே பெரிய பிளெக்ஸ் கட்டினார்கள். அதில் ஆறு நீலமாக ஓடியது, ஒரு பக்கம் வாத்து, இன்னொரு பக்கம் சாரின் போட்டோ. வந்தவர்களுக்குத் தண்ணீர்ப் பாக்கெட்டும், பிளாஸ்டிக் தட்டில் உப்புமாவும் கொடுத்தார்கள். முனிசிபாலிட்டி ஆபீஸ்காரர்கள் வந்தார்கள். மழைத்தண்ணீர் மண்ணில் இறங்குவதற்கு ஒரு குழி வெட்டி, அதாவது எங்கள் ஊரில் எல்லோரும் தெலுங்கில் சொல்லும் இங்குடு குண்ட, அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். பக்கத்துத் தெருவிலும் வெட்டியதாகக் காட்ட வேண்டுமே, அதனால் அதே குழியை அந்தப் பக்கம் போய் நின்று இன்னொரு போட்டோ எடுத்தார்கள். கிளம்பும்போது யாராவது விழுந்துவிடப் போகிறார்கள் என்று மூடிவிட்டுப் போனார்கள். அடுத்த மழையில் கால்வாய் அடைத்துக்கொண்டு தண்ணீர் சாரின் வீட்டுக்குள் புகுந்தது. குச்சி விட்டுக் குத்திப் பார்த்தார்கள். அடைத்திருந்தது அந்த பிளெக்ஸ். முதலில் வாத்து வந்தது, அப்புறம் சார் வந்தார்.

இப்போது ஜாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். திருப்பதிப் பக்கத்து ஆட்களுக்குக் கங்கம்மா ஜாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒளிந்துகொண்ட ஓர் அக்கிரமக்காரப் பாளையக்காரனை வெளியே வரவழைக்க, அம்மன் வேஷம் மாற்றித் தெருத்தெருவாகத் திட்டிக்கொண்டே போனாளாம். அந்த ஞாபகத்தில், வெயில் கொளுத்தும் மாதத்தில் ஒரு வாரம் ஜனங்கள் வேஷம் கட்டிக்கொண்டு வருவார்கள். வேஷம் கட்டியவர் யாரை வேண்டுமானாலும், என்ன வார்த்தை சொல்லி வேண்டுமானாலும் திட்டலாம். திட்டு வாங்கியவர் கோபிக்கக் கூடாது.

அக்கா ஒருநாள் தன் பழைய காக்கிக் கோட்டைக் கொண்டுவந்து என் மிஷின் மேல் போட்டாள். சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு டிக்கெட் கொடுத்த கோட்டு. “பக்கவாட்டுல பிரிச்சி உடு. உடம்பு ஊதிப்போச்சி” என்றாள்.

“இன்னாத்துக்குக்கா இப்ப இது?”

“வேஷம் கட்டப் போறேன்.”

“காலமெல்லாம் இதத்தான போட்டுக்கினு இருந்த. இது எப்படி வேஷமாவும்?”

“அப்ப வாய மூடிக்கினு போட்டேன். இப்ப வாயத் தொறந்து போடப் போறேன்.”

எங்கள் ஜாத்திரையில் ஆம்பளைகள் சேலை கட்டுவதுதான் வழக்கம். ஒரு பொம்பளை காக்கி போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? முகத்தில் குங்குமம், அதன் மேல் கரிப்பொட்டு, கழுத்தில் வேப்பிலை, வாயில் விசில். தெருவின் மேல் முனையில் ஆரம்பித்தாள்.

“டேய் எலும்புக்குப் பொறந்தவனே!” இது பிரியாணிக் கடைக்காரருக்கு. “கோழியத் துன்றவன் ஒருத்தன், எச்சிலக் குடிக்கிறவ என் தங்கச்சியா? உன் கல்லாவுல கரப்பாம்பூச்சி குடித்தனம் பண்ண! உன் அண்டாவுல பல்லி பிரசவம் பாக்க!” மெக்கானிக்கிடம் போனாள். “கிரீஸ் டப்பா மூஞ்சி! உன் மூஞ்சி மாதிரியே ஆத்தையும் ஆக்கிட்டியேடா பேமானி!” சங்கத்து சார் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றிருந்தார். “படிச்ச எரும! அட்ரஸு கிழிக்கத்தான் அவ்ளோ படிப்புப் படிச்சியா?”

நான் மிஷினை நிறுத்திவிட்டு வாசலில் நின்று பார்த்தேன். அடாடா, இன்றைக்குத் தெருவுக்கு ரோஷம் வந்துவிடும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பிரியாணிக் கடைக்காரர் கண்ணை மூடிக் கை கூப்பி நின்றார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஜாத்திரைத் திட்டு வாங்கினால் அந்த வருஷம் நோய் நொடி அண்டாது, தொழில் பெருகும் என்பது ஊர் நம்பிக்கை. அவர் சம்சாரம் கைக்குழந்தையை நீட்டி, “பாபுக்கும் ரெண்டு வார்த்த சொல்லுக்கா” என்றாள். எல்லாவற்றையும்விட மெக்கானிக் செய்ததுதான் கொடுமை. அக்காவின் பின்னாலேயே ஓடிவந்தான்.

“அக்கா, பிரியாணிக் கடையாண்ட அவ்ளோ நேரம் திட்டின. என்னிய மட்டும் சுருக்கா முடிச்சிட்ட. நான் இன்னா பாவம் பண்ணேன்?”

அக்கா என் கடைக்கு வந்து தொப்பென்று உட்கார்ந்தாள். வியர்வையில் கரியும் குங்குமமும் கலந்து வழிந்தது. அழுகிறாளா என்று பார்த்தேன். அழுதுகொண்டுதான் இருந்தாள்.

“இன்னா ஜனங்கடி இவங்க? காறித் துப்பினாலும் தீர்த்தம்னு தலையில தடவிக்கினு போவாங்க போலக் கீது.”

அந்த வருஷ மழைக்கு அவள் தங்கச்சி பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். வாந்தி, பேதி. எங்கள் தெருக் குழாயில் போன தடவை யாரோ குடத்தை உதைத்தார்கள் என்று ரோஷப்பட்டு மேலே வராமல், கிணற்றுத் தண்ணீரையே துணி போட்டு வடிகட்டிக் குடித்திருக்கிறாள். நான் பார்க்கப் போனபோது வாடிய கீரைத் தண்டு மாதிரிக் கிடந்தாள். கட்டிலோரம் அக்கா உட்கார்ந்திருந்தாள். விசில் இல்லை, கேள்வி இல்லை. டிரிப்ஸ் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

தங்கச்சிதான் மெல்லப் பேசினாள். “அக்கா, இனிமே நீ அவங்களத் திட்டாத.”

“ஏண்டி? பயமா கீதா?”

“பயம் இல்ல. உன் திட்டு அவங்களுக்கு இனிக்குது. இனிக்கறத எதுக்கு ஓசியில குடுக்கற?”

அக்கா நிமிர்ந்தாள். ஓசி என்ற சொல்லை அவள் தன் பஸ்ஸில் சகித்துக்கொண்டதே இல்லை.

அடுத்த ஜாத்திரைக்கும் அதே காக்கி, அதே கரி, அதே வேப்பிலை. தெருவில் எல்லா வாசலிலும் கற்பூரத் தட்டோடு காத்திருந்தார்கள். பிரியாணிக் கடைக்காரர் மெயின் ரோட்டில் இரண்டாவது கடை திறக்க இருந்த சமயம். குளித்து, நாமம் போட்டு, புது வேட்டியில் முதல் ஆளாக நின்றார். அக்கா அவர் எதிரில் வந்து நின்றாள். ஏற இறங்கப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. விசிலை ஒரு ஊது ஊதினாள்.

“ரைட்.”

அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கேயும் ரைட். அதற்கடுத்த வீட்டிலும் ரைட். கடைக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. பின்னாலேயே ஓடினார்.

“அக்கா, அக்கா! இன்னா இப்படிப் போற? திட்டு அக்கா!”

“டிக்கெட் எடுத்தியா?”

“இன்னா டிக்கெட்?”

“கால்வாயில உட்ட கொழாயப் புடுங்கு. கொல்லையில இங்குடு குண்ட தோண்டு. எலும்பும் கொழுப்பும் நிக்கறதுக்கு ஜல்லட கட்டு. உன் தண்ணி உன் மண்ணுலயே எறங்கட்டும். அதான் டிக்கெட். எடுத்துட்டுக் கூப்புடு, உங்க வம்சத்தையே இழுத்து வச்சித் திட்டறேன்.”

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். “குழி தோண்ட நேரமாவும்க்கா. இப்பத்திக்கு சும்மா ஒரு சின்ன திட்டு?”

“அரை டிக்கெட்டு கொழந்தைங்களுக்குத்தான்.”

நான் சிரித்த சிரிப்பில் ஊசி விரலில் ஏறியது. ஆனால் அன்றைக்குத் தெருவில் என்னைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. திட்டு வாங்காமல் ஒரு வருஷம் எப்படித் தள்ளுவது? கடை என்ன ஆவது? பெண்ணின் கல்யாணம் தள்ளிப்போனால்? வேறு தெரு வேஷக்காரர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் வந்து திட்டவும் திட்டினார்கள். ஆனால் சொந்தத் தெருக்காரி வேஷம் கட்டி வந்தும் திட்டாமல் தாண்டிப் போனால் அது அம்மனே தாண்டிப் போன மாதிரி என்று மெக்கானிக்கின் அம்மா ஒரு போடு போட்டாள். அவ்வளவுதான். மறுநாளே ஷெட்டில் ஆயில் பிடிக்க டிரம் வந்தது, வாசலில் மணல் கொட்டிய தொட்டி வந்தது. அக்கா வந்தாள், குனிந்தாள், தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். திருப்தியானதும் நடுத்தெருவில் அவனை நிற்க வைத்துத் திட்டினாள் பாருங்கள்! அப்படி ஒரு திட்டை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. எழுதினால் அச்சுக்காரர் ஒத்துக்கொள்ளமாட்டார். மெக்கானிக்கின் அம்மா ஆனந்தத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மற்றவர்கள் பொறாமையில் வெந்தார்கள்.

அப்புறம் அந்த வாரம் பூராவும் தெருவில் கடப்பாரைச் சத்தம்தான். ஆற்றுக்காக ஒரு பிடி மண் எடுக்காதவர்கள், காலனி ஜனங்களுக்காக ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுக்கொடுக்காதவர்கள், திட்டு வாங்க வேண்டும் என்று வெயிலில் குழி தோண்டினார்கள். சங்கத்து சார் தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, நிலத்தடி நீருக்காகத்தான் தோண்டுவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அக்கா வரும் நேரத்துக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு கேட்டில் நின்றார். படித்தவராயிற்றே என்று அக்கா அவரை மட்டும் ஸ்டுப்பிட், இடியட் என்று இங்கிலீஷில் திட்டினாள். தனி மரியாதை என்று சார் பூரித்துப் போனார். நான் கேட்காமலேயே என்னையும் திட்டினாள். “வெட்டுத் துணிய மூட்ட கட்டி வைக்கத் தெரியாத சோம்பேறி முண்டம்! நீ ஸ்டாஃபு, உனக்கு டிக்கெட் வேணாம், ஆனா மூட்ட கட்டு” என்றாள். கட்டினேன்.

அந்த வருஷம் முதல் மழை நன்றாகவே அடித்தது. கால்வாயில் கலங்கல் தண்ணீர் போனது, மண் நிறத்தில், மழை நிறத்தில். நாள் பல போயும் எங்கள் குழாயடியில் காலனிக் குடம் ஒன்றைக்கூடக் காணோம். பிரியாணிக் கடைக்காரருக்கு அதுவும் பொறுக்கவில்லை. “இன்னா, அந்தக் காலனி ஜனங்க இந்த வருசம் தலையே காட்டல? திமிரு ஏறிப்போச்சா?” என்றார். அக்கா தங்கச்சி வீட்டிலிருந்து ஒரு சொம்பு கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து என் கடையில் உட்கார்ந்து மடக் மடக்கென்று குடித்தாள். வாயைத் துடைத்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

“தண்ணி தண்ணி மாதிரியே கீதுடி” என்றாள்.

அதற்குப் பிறகு வந்த ஜாத்திரைகளிலும் இதே கதைதான். குழியைத் தூர் எடுத்தாயா, ஜல்லடையைக் கழுவினாயா என்று பார்த்த பிறகே திட்டுவாள். தெருவும் ஒழுங்காக டிக்கெட் எடுத்தது.

இந்தத் தை மாதம் அவள் போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. கையிடுக்கில் கிழிந்திருக்கிறது என்று காக்கிக் கோட்டை அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் என்னிடம் கொடுத்திருந்தாள். தைத்து மாட்டி வைத்திருந்தேன். அவள் வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது நான் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். அவளைக் குளிப்பாட்டிய தண்ணீர், அவள் கையால் வெட்டிய குழியில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

இந்த வருஷ ஜாத்திரைக்குத் திருப்பதியிலிருந்து வேஷக்காரர்கள் வந்தார்கள். யாரையும் ஒன்றும் கேட்காமல் எல்லோரையும் ஓசியில் திட்டிவிட்டுப் போனார்கள். தெருவுக்குப் பரம சந்தோஷம். மெக்கானிக் மட்டும் பழக்கதோஷத்தில் ஆயில் டிரம்மை அகற்றாமல் வைத்திருந்தான். பிரியாணிக் கடைக்காரர் குழி நிறைந்துவிட்டது, அதைத் தூர் எடுக்க ஆள் இல்லை என்று சிங்க் குழாயைத் திருப்பிக் கால்வாயில் விட்டார். அவரைப் பார்த்து இன்னொருவர். இன்னொருவரைப் பார்த்துச் சங்கத்து சார்.

போன வாரம் மழை. மறுநாள் காலையில் குடங்கள் மேடேறி வந்தன. அக்காவின் தங்கச்சி என் கடை வாசலில் குடத்தை இறக்கிவிட்டு மூச்சு வாங்கினாள். உள்ளே ஆணியில் தொங்கிய கோட்டைப் பார்த்தாள்.

“எங்கக்கா கோட்டு இன்னுமா இங்க கீது?”

குடத்திலிருந்து ஒரு கை தண்ணீர் எடுத்துக் காட்டினாள். காலையில் கிணற்றில் இறைத்ததாம், குழாயடியில் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் பிடித்துப் போகலாம் என்று கொண்டுவந்திருக்கிறாள். மேலே கொழுப்பு படர்ந்திருந்தது. பிரியாணி மசாலா வாசம் அடித்தது.

எனக்குக் கோபம் உள்ளங்காலிலிருந்து ஏறியது. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். தொளதொளவென்று தோள் வழிந்தது. ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறவள் இந்தக் கோலத்தில் தெருவில் நடக்கிறேனே என்று ஒரு கணம் தோன்றியது. போகட்டும். பையில் விசில் இருந்தது. ஊதிக்கொண்டே பிரியாணிக் கடை வாசலில் போய் நின்றேன். பின்னால் குடங்களோடு காலனிப் பொம்பளைகள் வந்து நின்றார்கள்.

விசில் சத்தம் கேட்டு ஓடிவந்த கடைக்காரர், காக்கியைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் கையைக் கூப்பினார். கண்ணைக்கூட மூடிவிட்டார். அப்புறம் ஏதோ உறைத்து ஒரு கண்ணைத் திறந்தார்.

“இன்னாக்கா இது? ஜாத்திரதான் எப்பவோ முடிஞ்சி போச்சே?”

“அதனாலதான்யா வந்தேன். இன்னிக்கு வாங்கற திட்டு ஆசீர்வாதத்துல சேராது.”

கூப்பிய கை மெல்லக் கீழே இறங்கியது. நான் ஆரம்பித்தேன்.